சுடாமல் இருக்கக் கற்றுத்தரும் சுடும் விளையாட்டு

விமானத்தில் பறந்து எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ கேம் என்றாலே அது கைவேகத்தின் விளையாட்டு என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. விரல் வேகமாக ஓடினால் பிழைக்கலாம், கொஞ்சம் மந்தமானால் ஆட்டம் முடிந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1985இல் ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்த ‘ட்வின்பீ’ நல்ல உதாரணம். பார்வைக்கு அது ஒரு குழந்தைக் கார்ட்டூன். உருண்டையான விமானம், அதற்குக் குட்டிக் குட்டிக் கைகள். டோன்புரி என்ற தீவை ஸ்பைஸ் என்ற அரசன் பிடித்துக்கொள்ள, சின்னமன் என்ற விஞ்ஞானி செய்த விமானங்கள் அவனை எதிர்த்துப் புறப்படுகின்றன. அடுத்த ஆண்டு வீட்டுக் கன்சோலுக்கு வந்த ‘மோயேரோ ட்வின்பீ’யில் முதலில் எதிர்ப்படும் பெரிய எதிரி ஒரு தர்பூசணி. இந்த வேடிக்கைத் தோற்றத்துக்குள்ளே அபூர்வமான ஒரு காரியம் நடந்திருக்கிறது. சுடுவதை நிறுத்தத் தெரிந்திருப்பதை இந்த விளையாட்டு தன் மையத் திறனாக வைத்தது. மனித மூளை எதில் வேகம், எதில் தாமதம் என்று ஆய்வகங்களில் அளந்து சொன்னவற்றை அருகில் வைத்துப் பார்த்தால், ட்வின்பீ ஏன் கடினமாக இருக்கிறது, ஏன் அலுக்காமல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

வாதத்தின் அச்சு ஒரு மணி. திரையில் மேலிருந்து கீழாக மேகங்கள் மிதந்து வருகின்றன. மேகத்தைச் சுட்டால் சிலவற்றிலிருந்து மஞ்சள் நிற மணி ஒன்று வெளியே வந்து விழத் தொடங்கும். விழும் மணியைச் சுட்டால் அது உடைவதில்லை, மேலே எகிறும். மறுபடி விழும், மறுபடி சுடலாம். இப்படிப் பல அடி வாங்கியபின் மணியின் நிறம் மாறும். நீல மணியைப் பிடித்தால் விமானத்தின் வேகம் கூடும். வெள்ளை என்றால் இரட்டைத் துப்பாக்கி. பச்சை என்றால் நம் விமானத்தின் நிழல் நகல்கள் கூடவே பறந்து சுடும். சிவப்பு என்றால் சுற்றிலும் ஒரு காப்பு. ஆனால் நிறம் மாறிய மணிமேல் இன்னும் ஒரு குண்டு பட்டால் நிறம் போய்விடும், அத்தனை உழைப்பும் வீண். மஞ்சள் மணியும் சும்மா இல்லை. ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போனால் அதன் மதிப்பு ஏறி ஏறி 10,000 புள்ளி வரை போகும். ஒன்று கீழே நழுவினால் கணக்கு அடியிலிருந்து தொடங்கும். முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது: மணியை மேலே எற்றுவதும் எதிரியைக் கொல்வதும் ஒரே துப்பாக்கி. எதிரிகளுக்குப் பயந்து விடாமல் சுட்டால் மணி கெடும். மணிக்காகத் துப்பாக்கியை அடக்கினால் எதிரி நெருங்குவான்.

முதலில் கைவேகக் கோட்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். திரையில் திடீரென ஒரு விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்து என்று ஆரோக்கியமான இளைஞர் ஒருவரிடம் சொன்னால், அவருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.25 நொடி ஆகும். ஆர்கேட் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே நம் எதிர்வினை நேரம் 12 முதல் 15 ஃபிரேம். 256 பிக்சல் உயரமுள்ள திரையின் உச்சியிலிருந்து, ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல் வீதம் ஒரு குண்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிவரை வர 128 ஃபிரேம், அதாவது இரண்டு நொடிக்கும் மேல். பார்த்து, விரலை அசைக்கத் தேவைப்படும் நேரத்தைப்போல எட்டு மடங்கு கையில் இருக்கிறது. அதன் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் நான்கு மடங்கு மிச்சம். மூக்குக்கு நேரே வந்து சுடும் எதிரி வேறு விஷயம், அங்கே வேகம் தேவைதான். ஆனாலும் பெரும்பாலான சாவுகள் அப்படி நேர்வதில்லை. வரும் குண்டைப் பார்க்கப் போதிய நேரம் இருந்தது, ஆனால் கண்ணும் கருத்தும் அப்போது வேறெங்கோ இருந்தன என்பதுதான் வழக்கமான கதை. அந்த ‘வேறெங்கோ’வை உருவாக்கத்தான் மணி வருகிறது.

மணியின் கொடுமை இதோடு முடியவில்லை. ஒரு செயலைத் தொடங்குவதையும் தொடங்கிய செயலை நிறுத்துவதையும் மூளை ஒரே மாதிரிக் கையாள்வதில்லை. கோர்டன் லோகன், வில்லியம் கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் இதை ஒரு பந்தயமாக விளக்கினார்கள். ‘செய்’ என்ற கட்டளை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ‘நிறுத்து’ என்ற கட்டளை புறப்படுகிறது. எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அது வெல்லும். செய்த செயலைக் கடிகாரத்தால் அளக்கலாம், செய்யாமல் விட்டதை அளக்க முடியாது. எனவே எத்தனை முறை நிறுத்த முடிந்தது, எத்தனை முறை தவறியது என்ற விகிதத்திலிருந்துதான் நிறுத்தும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதுவும் ஏறத்தாழ 0.2 முதல் 0.25 நொடி என்றே வருகிறது. இப்போது ட்வின்பீ ஆடுபவரின் விரலைப் பாருங்கள். நொடிக்கு எட்டு முறை பட்டனைத் தட்டுகிறார் என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.125 நொடி. மணி நீலமாக மாறியதைக் கண் பார்த்து, மூளை ‘நிறுத்து’ என்று சொல்லி, விரல் அடங்குவதற்குள் இன்னும் ஒரு தட்டு, சில சமயம் இரண்டு தட்டு, விழுந்தே தீரும். ஆக, நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு நிறுத்துவோம் என்று காத்திருப்பவருக்கு நீல மணி கிடைப்பது அதிர்ஷ்டத்தில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரல் நின்றாலும் ஏற்கெனவே புறப்பட்ட குண்டுகள் நிற்காது. விமானம் திரையின் அடியிலும் மணி நடுவிலும் இருந்தால், இடையில் பறந்துகொண்டிருக்கும் குண்டுகள் மணியை அடித்தே ஆகும். இதைத் தவிர்க்க வழி இரண்டு. ஒன்று, மணிக்கு மிக அருகே போய் நின்று சுடுவது. அப்போது வழியில் குண்டு எதுவும் மிச்சமிருக்காது, ஆனால் எதிரிகள் இறங்கிவரும் பகுதிக்குள் நாமே நுழைந்துவிடுகிறோம். மற்றொன்று, அடிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டு, நிறம் மாறும் முன்பே விரலை அடக்கி, ஒவ்வொரு குண்டாக விடுவது, அல்லது மணிக்கு நேர்கீழே நிற்காமல் பக்கவாட்டில் விலகி மற்றவர்களைச் சுடுவது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் செய்வது இந்த இரண்டாவதைத்தான். இங்கே எதிர்வினைக்கு இடமே இல்லை, முன்கணிப்புதான் ஆள்கிறது. நிறுத்தும் நேரத்தைப் பயிற்சியால் குறைப்பது கடினம். ஆனால் எப்போது நிறுத்த வேண்டிவரும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ட்வின்பீயை நன்றாக ஆடுபவரின் விரல் மற்றவர் விரலைவிட மெதுவாகத்தான் ஓடும். கைவேகக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

மணியோடு சேர்த்துக் கவனத்தைப் பங்குபோட வேறு சிலவும் இருக்கின்றன. வானில் பறப்பவற்றைச் சுட ஒரு பட்டன், தரையில் இருப்பவற்றின்மேல் குண்டு போட இன்னொரு பட்டன். நாம்கோவின் ‘ஜீவியஸ்’ பிரபலமாக்கிய முறை இது. குண்டு போடுவது விமானத்தின் குட்டிக் கைகள். எதிரியின் குண்டு பக்கவாட்டில் பட்டால் கை பறிபோகும், இரண்டு கையும் போனால் தரைக்குண்டு இல்லை. அப்போது ஆம்புலன்ஸ் ஒன்று பறந்துவரும், அதைப் பிடித்தால் கைகள் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஆடுபவர் வானத்தையும் தரையையும் மணியையும் தன் விமானத்தையும் ஒருசேரக் கவனித்தாக வேண்டும். இது மூளையால் முடிகிற காரியமா? 1988இல் ஜெனன் பைலிஷின், ரான் ஸ்டார்ம் இருவரும் ஒரே மாதிரியான பல புள்ளிகளைத் திரையில் தாறுமாறாக ஓடவிட்டு, அவற்றில் சிலவற்றை மட்டும் மனத்தால் பின்தொடரச் சொன்னார்கள். நான்கு அல்லது ஐந்துவரை மக்களால் முடிந்தது. அதற்கு மேல் பிடி நழுவியது. கண்ணின் கூர்பார்வையோ இன்னும் குறுகியது. நடுவில் ஏறத்தாழ 2 பாகை அகலம் மட்டுமே தெளிவு, மற்ற இடமெல்லாம் மங்கல். நொடிக்கு மூன்று நான்கு முறை கண் தாவித்தான் இந்தக் குறையைச் சமாளிக்கிறது. அட்டாவதானம் செய்பவர் எட்டுக் காரியங்களை ஒரே கணத்தில் செய்வதில்லை, ஒவ்வொன்றையும் விட்ட இடத்தில் நினைவில் வைத்து முறைபோட்டுத் திரும்பி வருகிறார். ட்வின்பீ ஆடுபவர் செய்வதும் அதுவே. மணியை மேலே எற்றிவிட்டால் அது திரும்பி விழச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் தரையைப் பார்க்கலாம், எதிரியைப் பார்க்கலாம். மணியே ஒரு கடிகாரமாகிவிடுகிறது. இருவர் சேர்ந்து ஆடும்போது நிலைமை இன்னும் சுவை. இரு விமானங்களும் கைகோத்தால் வலுவான குண்டு கிடைக்கும். ஆனால் கூட்டாளியின் அவசரக் குண்டு உங்கள் நீல மணியைக் கெடுத்துவிடலாம். அடக்கம் இருவருக்கும் வேண்டும்.

இந்த வடிவமைப்பு தற்செயலா, வேறு வழியில்லாமல் வந்ததா என்று கேட்கலாம். அன்றைய இயந்திரங்களால் நிறைய எதிரிகளைத் திரையில் காட்ட முடிந்திருக்காது, அதனால் மணியை வைத்து நிரப்பினார்கள் என்று ஒருவர் வாதிடக்கூடும். இதற்குப் பதில் அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது. ட்வின்பீ ஓடியது கோனாமியின் ‘பபிள் சிஸ்டம்’ என்ற அமைப்பில். அதன் மூளை மோட்டோரோலா 68000 சிப், அந்தக் காலத்துக்கு வலுவானது. ஆட்டத்தின் தகவல்கள் காந்தக் குமிழி நினைவகம் என்ற விசித்திரமான பொருளில் பதிந்திருந்தன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ போபெக் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. ஒரு மெல்லிய படலத்தில் நுண்ணிய காந்தக் குமிழிகள் இருக்கும். குமிழி இருந்தால் 1, இல்லையென்றால் 0. சுழலும் காந்தப்புலம் அவற்றை வரிசையாக நகர்த்திக்கொண்டு போகும். மின்சாரம் போனாலும் தகவல் அழியாது, ஆனால் குறிப்பிட்ட சூடு ஏறினால்தான் வேலை செய்யும். எனவே இயந்திரத்தைப் போட்டதும் திரையில் எண்கள் இறங்குவரிசையில் ஓட, இசை ஒலிக்க, அது சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இசையை ஆர்வலர்கள் இன்றும் ‘காலை இசை’ என்று நினைவுகூர்கிறார்கள். இதே அமைப்பில், இதே ஆண்டில் கோனாமி வெளியிட்ட மற்றொரு விமான ஆட்டம் ‘கிராடியஸ்’. அங்கேயும் சுடுவதோடு இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். காப்சூல் ஒன்றைப் பிடித்தால் திரையின் அடியில் உள்ள பட்டையில் ஒரு கட்டம் நகரும். வேகம், ஏவுகணை, லேசர் என்று வேண்டிய கட்டம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். ஆனால் அந்த முடிவு போர்க்களத்துக்கு வெளியே, திரையின் அடியில் நடக்கிறது. ட்வின்பீயில் முடிவு போர்க்களத்தின் நடுவே, எதிரிகளுக்கு இடையே விழுந்துகொண்டிருக்கும் ஒரு பொருளின்மேல் எழுதியிருக்கிறது. ஒரே இயந்திரம், ஒரே ஆண்டு, இரண்டு வேறுபட்ட விடைகள். ஆகவே இயந்திரத்தின் குறையைக் காரணமாகச் சொல்வது நிற்காது.

அழகுத் தோற்றமெல்லாம் பெண்களையும் குழந்தைகளையும் கூடத்துக்குள் இழுக்கச் செய்த வியாபார உத்திதானே என்பது அடுத்த ஆட்சேபம். வியாபார நோக்கம் இருந்திருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோற்றம் கண்ணுக்குச் செய்யும் உதவியை ஒதுக்கிவிட முடியாது. ஆன் ட்ரீஸ்மன், காரி ஜெலாட் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: ஒரு பொருள் நிறத்தால் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், சுற்றிலும் எத்தனை பொருள் இருந்தாலும் அது கண்ணில் சட்டென்று படும், தேட வேண்டியதில்லை. பளிச்சென்ற மணிகளும் தெளிவான வெளிக்கோடுள்ள எதிரிகளும் கொண்ட திரையில் கவனத்துக்கு ஆகும் செலவு குறைகிறது. சாம்பல் நிறப் போர்விமானங்கள் சாம்பல் நிறக் கடலின்மேல் பறக்கும் ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. இன்னும் ஒரு சான்று ஜப்பானிலிருந்தே வருகிறது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குட்டி விலங்குகளின் படங்களைப் பார்த்தபின் மாணவர்கள் நுணுக்கமான கைவேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்தார்கள். அந்த ஆய்வில் வீடியோ கேம் இல்லை. ஆகவே அதை அப்படியே ட்வின்பீக்குப் பொருத்த நான் துணியமாட்டேன். அழகான தோற்றத்தை வெறும் பூச்சு என்று தள்ளிவிடுவது அவசரம் என்பதை மட்டும் அது காட்டுகிறது. அதே வேளை, நிறத்தை நம்பிய இந்த வடிவமைப்பில் ஒரு நிஜமான குறையும் இருக்கிறது. ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பச்சை மணியும் சிவப்பு மணியும் முற்றிலும் வேறு பலன் தருகிற ஆட்டத்தில் மணிகளின் வடிவம் ஒன்றாகவே இருப்பது அவர்களுக்கு அநியாயம். மணிமேல் சின்னக் குறி ஒன்று போட்டிருந்தால் போதும்.

வலுவான ஆட்சேபம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. 1990களில் ‘தோடோன்பாச்சி’ போன்ற ஆட்டங்கள் வந்தன. திரை முழுக்க நூற்றுக்கணக்கான குண்டுகள் பூக்கோலம்போல விரியும், ஆட்டக்காரர் அவற்றினூடே நுழைந்து வெளியே வருவார். நான்கைந்து பொருளுக்கு மேல் பின்தொடர முடியாது என்பது உண்மையானால் இது எப்படிச் சாத்தியம்? இங்கே 2007இல் ஜார்ஜ் அல்வாரெஸ், ஸ்டீவன் ஃபிராங்கோனெரி இருவரும் கண்டது உதவுகிறது. பின்தொடரக்கூடிய எண்ணிக்கை நிலையானதல்ல, வேகத்தைப் பொறுத்தது. பொருள்கள் மிக மெதுவாக நகர்ந்தால் எட்டு வரை முடியும், மிக வேகமாக ஓடினால் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். குண்டுமழை ஆட்டங்களில் குண்டுகள் ஏராளம், ஆனால் அவற்றில் பல மெதுவாக நகர்பவை. தாறுமாறாகவும் வருவதில்லை, வளையமாகவோ விசிறியாகவோ ஒரு கோலத்தில் வருகின்றன. ஆட்டக்காரர் தனிக்குண்டுகளை எண்ணுவதில்லை, கோலத்தின் ஓட்டத்தையும் அதில் திறக்கும் சந்தையும் பார்க்கிறார். மேலும் விமானத்தின் உருவம் பெரிதாகத் தெரிந்தாலும், குண்டு பட்டால் சாகும் பகுதி அதன் நடுவில் சில பிக்சல் மட்டுமே. இந்த ஆட்டங்களும் கவன எல்லையை மீறவில்லை, அதற்குள் அடங்கும்படி தம்மை அமைத்துக்கொண்டன. கடினத்தைக் கூட்ட அவை எடுத்த வழி எண்ணிக்கை, ட்வின்பீ எடுத்த வழி அடக்கம். இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையை யாரும் கூட்டிக்கொண்டே போகலாம். தன் துப்பாக்கியையே தனக்கு இடையூறாக்கும் விதியைக் கண்டுபிடிப்பதற்கு வேறு வகை மூளை வேண்டும்.

அப்படியானால் இந்த ஆட்டம் ஆடினால் அடக்கம் வளருமா, பிள்ளைகளின் கவனம் கூடுமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. இங்கே நிதானம் தேவை. ஷான் கிரீன், டாப்னே பாவெலியர் இருவரும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அதுவரை இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஆடிப் பழகாதவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் அதிரடி ஆட்டப் பயிற்சி கொடுத்தார்கள். ‘டெட்ரிஸ்’ ஆடிய குழுவைவிட இவர்களின் பார்வைக் கவனம் மேம்பட்டிருந்தது. பெரும் வரவேற்புப் பெற்ற முடிவு அது. ஆனால் 2011இல் வால்டர் பூட் உள்ளிட்ட மூவர் நியாயமான ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: தாம் எந்தப் பயிற்சி பெறுகிறோம் என்று பங்கேற்பவருக்குத் தெரியும்போது, நன்றாகச் செய்வோம் என்ற எதிர்பார்ப்பே முடிவை மாற்றிவிடாதா? மருந்து ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்துச் சரிபார்க்கலாம், வீடியோ கேமில் அப்படி ஏமாற்ற முடியாது. தவிரவும் 2003 ஆய்வில் பயன்பட்டது முப்பரிமாணப் போர்க்களத் துப்பாக்கி ஆட்டம், மணிகள் விழும் ஆட்டம் இல்லை. ஆகவே ட்வின்பீ அடக்கத்தை வளர்க்கும் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆட்டத்துக்குள் அடக்கம் தேவைப்படுகிறது என்பது ஒன்று, அது ஆட்டத்துக்கு வெளியே வாழ்க்கைக்குப் பரவுகிறது என்பது வேறு. என் வாதத்துக்கு முதலாவது போதும்.

இந்த மணி கோனாமியின் மற்ற ஆட்டங்களுக்கும் பரவியது. தன் விமான ஆட்டங்களைத் தானே நையாண்டி செய்து அந்நிறுவனம் உருவாக்கிய ‘பரோடியஸ்’ வரிசையில் அதே மணிகள் விழுகின்றன. ட்வின்பீயும் 1991இல் ‘டெதானா!! ட்வின்பீ’, 1993இல் ‘பாப்பன் ட்வின்பீ’, 1995இல் ‘ட்வின்பீ யாஹ்ஹோ!’ என்று வளர்ந்தது. ஓவியம் மெருகேறியது, விமானிகளுக்கு முகமும் பெயரும் வந்தன, வானொலி நாடகம்கூட வந்தது. விதி மட்டும் மாறவில்லை. 1985ஆம் ஆண்டின் அந்த முதல் ஆட்டம் 2019இல் கோனாமி வெளியிட்ட ஆர்கேட் தொகுப்பில் இருக்கிறது, இன்றைய கன்சோல்களிலும் கணினியிலும் ஆடலாம். ஆடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தானாகத் தொடர்ந்து சுடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு, பட்டனை உங்கள் விரலாலேயே தட்டி ஆடுங்கள்.